சுகுணா நட்ட நகரம்

குப்பனூர் அடிவாரத்தில் இருக்கும் பொன்சாரல் நகரில் கட்டிய வீடு என்று ஒன்றுகூடக் கிடையாது. எல்லாம் முளைத்தவை. சேலத்திலிருந்து புதிதாகக் குடிவருகிறவர்கள் முதலில் இதை நம்ப மாட்டார்கள். ஒரு மழை பெய்து, படுக்கையறை மூலையில் அலமாரி ஒன்று துளிர்விட்டதும், பேசாமல் அதில் துணிகளை அடுக்கிக்கொள்வார்கள். இந்த நகரத்தின் கதையை புரமோட்டர் பிரபாகரிடமிருந்து தொடங்குவதுதான் வழக்கம். மனைகளை விற்றவர் அவர், நுழைவு வளைவில் இருக்கும் பெயரும் அவருடையது. ஆனால் நகரத்தை நட்டது நாகலூர் சுகுணா. நட்டவளை விட்டுவிட்டு விற்றவரிடமிருந்து தொடங்குவது நியாயமில்லை.

சுகுணாவின் தாத்தா தருமபுரிப் பக்கமிருந்து ஒரு பஞ்ச காலத்தில் சேர்வராயன் மலையேறியவர். அதிலிருந்து அந்தக் குடும்பம் நாகலூர்ப் பக்கம் ஒரே காப்பி எஸ்டேட்டில், கூலிக்காரர்களுக்கென்று வரிசையாக அறைகள் கட்டிய ஒரே லயனில், ஒரே அறையில் பிறந்து வளர்ந்து செத்தது. அந்த லயனைக் கட்டிய வெள்ளைக்காரத் துரைக்குக் கூலிக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகக் குட்டையாகவே பிறப்பார்கள் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும், அறைகளின் நீளம் அந்தக் கணக்கில்தான் இருந்தது. சுகுணா கட்டிக்கொண்ட அங்கப்பனோ, மிளகுக்கொடியில் காய் பறிக்க ஏணி தேவைப்படாத அளவுக்கு நெடிய ஆள். கல்யாணமான நாள் முதல் அவர் முழங்காலை மடக்கித்தான் படுத்தார். மூட்டு வலி கண்ட பிறகு கதவைத் திறந்து வைத்துக் காலை வாசலில் நீட்டிக்கொண்டார். மழைக்காலத்தில் பாதங்களின்மேல் உரச்சாக்கு ஒன்றைப் போர்த்திவிடுவது சுகுணாவின் வேலை. காலையில் அந்தச் சாக்கை உதறும்போதெல்லாம், “இந்த மனுசன் காலை நீட்டிப் படுக்கற மாதிரி ஒரு ஊடு வேணும், அவ்வளவுதான் நான் கேக்கறது” என்று சாமியிடமோ பக்கத்து அறைக்காரியிடமோ, யார் எதிரில் வருகிறார்களோ அவர்களிடம் சொல்லிவிடுவாள். அவளுக்கு வேறு ஆசை இருந்ததாக யாரும் கேள்விப்பட்டதில்லை.

சேலம் நாலு பக்கமும் வீங்கிக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை. அஸ்தம்பட்டிக்கு அப்பால் வீடு கட்டியவர்களைக் காட்டுக்குள் போய்விட்டதாகக் கேலி செய்த ஊர், அதையும் தாண்டி வந்து குப்பனூர் நிலக்கடலைக் காட்டில் நின்றது. அந்தக் காட்டை வாங்கி மனை பிரித்த பிரபாகருக்கு எல்லைக்கல் நட ஆள் கிடைக்கவில்லை. வழக்கமான ஆட்களெல்லாம் பைபாஸ் வேலைக்குப் போய்விட்டார்கள். எஸ்டேட்டில் அப்போதுதான் ஆடி மாதக் கன்று நடவு முடிந்திருந்தது. நல்லமுத்து மேஸ்திரி ஒரு ஜீப் நிறைய ஆட்களை அடைத்து மலையிலிருந்து இறக்கிக்கொண்டு வந்தார். பிரபாகர் வேறு வேலையாக இருந்ததால் போனிலேயே சொல்லிவிட்டார்: “குழி எடுத்து நட்டு வையுங்க மேஸ்திரி, சாயங்காலமா வந்து பாக்கறேன்.” நகரத்தின் வரலாற்றில் இதைவிடப் பெரிய உத்தரவு அதற்கப்புறம் யாரும் போடவில்லை.

வந்தவர்கள் காப்பிக் கன்றைத் தவிர வேறெதையும் வாழ்நாளில் நட்டவர்கள் கிடையாது. நடச் சொன்னால் அவர்களுக்கு ஒரு முறைதான் தெரியும். குழியெடுத்தார்கள். பக்கத்துத் தொழுவத்தில் கேட்டு மக்கிய சாணம் வாங்கி வந்து போட்டார்கள். மேல்மண்ணைத் தனியாக ஒதுக்கி அடியில் தள்ளினார்கள். கல்லை நேராக நிறுத்தி, சுற்றிலும் குதிகாலால் மிதித்து இறுக்கி, கொட்டாங்குச்சியில் தண்ணீர் ஊற்றி, மேற்கு வெயில் படாமல் தழை ஒடித்து நிழல் குத்தினார்கள். எஸ்டேட்டில் நடுகிற பெண்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒவ்வொரு கன்றையும் நட்டு முடித்ததும் அதன் தலையைத் தொட்டு, “பொழச்சுக்க சாமி” என்று சொல்லிவிட்டுத்தான் அடுத்த குழிக்கு நகர்வார்கள். சுகுணா ஒவ்வொரு கல்லுக்கும் அப்படிச் சொன்னாள். சாயங்காலம் வந்த பிரபாகர், காடு முழுக்கக் கற்கள் தழைக்குடை பிடித்து நிற்பதைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தார். பிறகு கூலியைக் கொடுத்து ஜீப்பை அனுப்பிவிட்டார்.

ஐப்பசி மழையில் கற்கள் ஊறின. கார்த்திகையில் முதல் சன்ஷேடு துளிர்த்தது. அதற்குக் கீழே ஒரு ஜன்னல், உள்ளங்கை அகலத்தில், கம்பியோடு. தை பிறப்பதற்குள் வீடுகள் இடுப்புயரம் வந்துவிட்டன. பிரபாகர் அழைத்து வந்த இன்ஜினியர் தட்டிப் பார்த்தார், காதை வைத்துக் கேட்டார், அஸ்திவாரம் நன்றாகப் பிடித்திருக்கிறது என்று கையெழுத்துப் போட்டார். வாங்கத்தான் ஆளில்லை. கடைசியில் சேலத்தில் நர்ஸ் வேலை பார்த்த புஷ்பலதா வந்தார். புருஷன் இல்லாதவர், கவிப்பிரியா என்ற பெண் குழந்தையோடு வாடகை வீடு மாறி மாறி அலுத்தவர். இடுப்புயர வீட்டின் மொட்டைமாடியில் கையை வைத்து, “இது எப்பங்க குடிபோற பக்குவத்துக்கு வரும்?” என்று கேட்டார். விற்கிறவருக்கு நாக்கு எப்போதும் தயார். அடுத்த பங்குனியில் பூ மழை பெய்தால் வந்துவிடும் என்றார் பிரபாகர். காப்பிச் செடியைப் பூக்க வைக்கும் மழை அது. புஷ்பலதா ஞாயிற்றுக்கிழமைதோறும் பஸ் ஏறி வந்து வீட்டுக்குத் தண்ணீர் விட்டுவிட்டுப் போனார். சொன்னபடி பூ மழை பெய்தது, கதவு முற்றியது, நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சினார்கள். நகரத்தின் முதல் குடி அவர்தான்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் எந்தப் புறநகரிலும் நடக்கிறதுதான். தண்ணீர் விட்டவர்களின் வீடு தளதளவென்று வளர்ந்தது, வெளிநாட்டில் இருந்துகொண்டு மனை வாங்கிப் போட்டவர்களின் வீடு குட்டையாக நின்றது. மாவுக்கடை முளைத்தது, அதன் எதிரில் இன்னொரு மாவுக்கடை முளைத்தது. பள்ளிக்கூடம் முதலில் சுற்றுச்சுவராக வந்து, அப்புறம் வகுப்பறைகள் விட்டு, மணி மட்டும் முற்றாமல் இரண்டு வருஷம் தகரம் போல டப் டப் என்று அடித்தது. வரி போட வந்த அதிகாரிகளுக்கு இது வீடா பயிரா என்று பெரிய குழப்பம். கடிதம் மேல் கடிதம் போய், குனிந்து நுழைய வேண்டியது பயிர், நிமிர்ந்து நுழையக்கூடியது வீடு என்று முடிவாயிற்று. அந்த வருஷம் வரிக்காரர் வருகிற அன்று எல்லார் வீட்டு வாசலிலும் ஆட்கள் குனிந்து குனிந்து போய் வந்துகொண்டிருந்தார்கள். சேலத்திலிருந்து டவுன் பஸ் விட்டார்கள். அதில் இடம் பிடிக்கச் சண்டை வந்தது. அப்போதுதான் இது முறையான நகர் என்று எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள்.

வளர்ச்சி ஒரு அளவுக்கு மேல் தொல்லையாகிவிட்டது. புஷ்பலதா வீட்டில் கேட்காமலேயே மூன்றாவது குளியலறை வந்தது. ஒருவர் வீட்டு பால்கனி அடுத்தவர் சமையலறைக்குள் நுழைந்து குழம்புச் சட்டியைத் தட்டிவிட்டது. மாடிப்படிகள் எங்கும் போகாமல் வானத்தில் நின்றன. நட்டவர்களுக்குத்தான் வெட்டவும் தெரியும் என்று மறுபடியும் நாகலூருக்கு ஆள் போயிற்று. காப்பி அறுவடை முடிந்து கவாத்து நேரம் வந்ததும், சுகுணா வளைந்த கத்தியையும் கைரம்பத்தையும் எடுத்துக்கொண்டு பஸ்ஸில் இறங்கி வருவாள். வீட்டைச் சுற்றி நடந்து பார்த்து, எது நிற்க வேண்டியது, எது வீணாகச் சத்தை உறிஞ்சுகிறது என்று பார்ப்பாள். “அம்மணி, இந்தப் பூசை அறையை உட்டறலாம். இந்தப் பக்கம் துளுக்கற பாத்ரூமு ஆகாது. நெழல் கட்டிச் செவுத்துக்கு நோவு வந்துரும்” என்பாள். புஷ்பலதா தலையாட்டுவார். முற்றாத அறை கல்லாக இருக்காது. பச்சைக் கிளை போல வெட்டுப்படும், நாலு வெயில் பட்டால் நல்ல விறகாகிவிடும்.

கவாத்தில் விழுகிற கிளை கவாத்துக்காரியுடைய விறகு. எஸ்டேட்டில் அதுதான் வழக்கம், கணக்கெழுதுகிற ரைட்டர்கூட அதில் கை வைக்க மாட்டார். அந்த வழக்கப்படியே சுகுணா நகரத்தில் வெட்டிய ஜன்னல், படிக்கட்டு, பால்கனித் துண்டுகளைக் கட்டுக் கட்டி பஸ்ஸில் ஏற்றி நாகலூருக்குக் கொண்டுபோனாள். கண்டக்டர் குளியலறைக்கு லக்கேஜ் போட்டார், அலமாரிக்கு விட்டுவிட்டார். வீட்டில் அடுப்பு பிரமாதமாக எரிந்தது. பூசை அறை எரிகிற அன்று மட்டும் சாதத்தில் லேசாகக் கற்பூர வாசம் வரும், அதை அங்கப்பன் குறையாகச் சொல்லவில்லை. சாம்பலை அள்ளி, அறைக்குப் பின்னால் இருந்த அவரைக்கொடி மேட்டில் கொட்டிவிடுவாள். வருஷக்கணக்கில் இது நடந்தது. அவரை நன்றாகக் காய்த்தது.

பிரபாகர் கணக்கு பார்க்கிற மனிதர்தான், கல்நெஞ்சர் இல்லை. ஓடையோரம் யாரும் வாங்காமல் கிடந்த முக்கோண மனையைச் சுகுணா பேருக்கே பட்டா செய்து கொடுத்தார். “எல்லாம் நீங்க நட்டதுதானுங்க அக்கா. உங்களுக்கு ஒரு கல்லு இல்லாட்டி நொம்பத் தப்பு” என்றார். எஸ்டேட் காட்டில் இலை மக்கிய கருமண்ணைத் தலைச்சுமையாகக் கொண்டுவந்தாள். ஊருக்கெல்லாம் ஒரு கூடை சாணம் போட்ட இடத்தில் தனக்கு இரண்டு கூடை போட்டாள். ஆடியில் நட்டு, நிழல் குத்தி, கல்லின் தலையைத் தொட்டு, “பொழச்சுக்க சாமி, அந்த மனுசன் நீட்டமான ஆளு, ஞாபகம் வெச்சுக்க” என்று சொன்னாள்.

அது முளைக்கவில்லை. முதல் வருஷம் மழை சரியில்லை என்றார்கள். இரண்டாவது வருஷம் மழை கொட்டியது, ஓடைத் தண்ணீர் ஆகவில்லை என்றார்கள். சுகுணா சாணத்தை மாற்றிப் பார்த்தாள், நிழலைக் கூட்டிப் பார்த்தாள், குறைத்துப் பார்த்தாள், சேர்வராயன் கோயில் திருவிழாவில் வேண்டிக்கொண்டு வந்து கல்லுக்கு விபூதி பூசினாள். கல் கல்லாகவே நின்றது. பக்கத்து மனைகளில் அவள் நட்டதெல்லாம் மாடி மேல் மாடி விட்டு, அவளே போய் வெட்ட வேண்டியதாயிற்று. ஊரார் வீட்டில் அதிகப்படியான அறையை வெட்டிக் கீழே தள்ளிவிட்டு, திரும்பும்போது தன் மொட்டைக் கல்லைக் கடந்து பஸ் ஏறுவது அவளுக்கு அவமானமாக இருந்தது. கைராசிக்காரி என்று நகரமே சொல்லும்போது உள்ளுக்குள் எரிந்தது. ஒரு தடவை கல்லை உதைத்தாள். பிறகு கால் வலித்ததற்காகவும் கல்லை உதைத்ததற்காகவும் சேர்த்து அழுதாள்.

இந்த நேரத்தில் எஸ்டேட் கைமாறியது. வாங்கினவர்கள் சுற்றுலாக்காரர்களுக்குக் காட்டேஜ் கட்டப் போகிறார்கள் என்றும், காப்பிப் பழம் எடுத்து முடிந்ததும் லயனை இடிக்கப் போகிறார்கள் என்றும் ரைட்டர் கோகுல் வந்து சொன்னார். சொல்லும்போது யார் முகத்தையும் பார்க்கவில்லை, அவரும் அந்த எஸ்டேட்டில் பிறந்தவர்தான். “நாங்க எங்கீங்க போறது?” என்று பக்கத்து அறைக் கண்ணம்மாள் கேட்டாள். அதற்கு அவர், “எனக்கே தெரியலைங்க” என்றார். சிலர் சேலத்தில் மகன் வீட்டுக்குப் போவதாகச் சொல்லிக்கொண்டார்கள். மகன்களிடம் இன்னும் சொல்லவில்லை. சுகுணாவிடம் எல்லாரும், உனக்கென்ன, கீழே மனை இருக்கிறது என்றார்கள். மனை இருந்தது. அதில் தார்ப்பாய் கட்டிப் படுத்தால் அங்கப்பன் காலை எந்த அளவுக்கும் நீட்டிக்கொள்ளலாம், ஓடை வரைக்கும்கூட.

பழம் எடுப்பு முடிகிற வாரத்தில் அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். கல் செத்துவிட்டது, அதைப் பிடுங்கிவிட்டு வேறு நட வேண்டும். காலை முதல் பஸ்ஸில் அங்கப்பனையும் கடப்பாரையையும் கூட்டிக்கொண்டு இறங்கினாள். கல் அசையவில்லை. சுற்றித் தோண்டினார்கள். முழங்கை ஆழத்தில் அங்கப்பன் தோண்டுவதை நிறுத்தி, “ஏம்புள்ள, இங்க வந்து பாரு” என்றார். கல்லுக்கு அடியில் வேர் இருந்தது. தொடைப் பருமனில், உயிரோடு, ஈரமாக. மற்ற வீடுகளின் வேர் நாலு பக்கமும் போகும். இது ஒரே பக்கம் போனது, மலைப் பக்கம்.

அவர்கள் அதன் பின்னாலேயே நடந்தார்கள். மனையைத் தாண்டிச் சாலையோரத்துக்கு வந்த வேர், மலைப்பாதையின் தாருக்கு அடியில் புகுந்து ஏறியது. சில வருஷங்களாக அந்தப் பாதையில் நீளமாக ஒரு மேடு கிளம்பி, பஸ் ஓட்டுகிறவர்கள் எல்லாரும் ரோடு போட்டவனைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். பாவம், அவன்மேல் தப்பில்லை. மேடு எங்கே திரும்பியதோ அங்கே இருவரும் திரும்பினார்கள். கொட்டச்சேட்டில் ஒரு டீ குடித்தார்கள். டீக்கடைக்காரர், தன் கடை பெஞ்சி ஒரு பக்கம் உயர்ந்துகொண்டே போவதாகக் குறைபட்டார். சுகுணா குனிந்து பெஞ்சிக்கு அடியில் பார்த்துவிட்டு, எழுந்து வேகமாக நடந்தாள். ஆரஞ்சு மரங்களைக் கடந்து, சில்வர் ஓக் வரிசைகளுக்கு நடுவில், தான் தினமும் வேலைக்குப் போகிற ஒற்றையடிப் பாதையிலேயே அந்த வேர் அவளை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனது. வெயில் சாய்கிற நேரத்தில் லயனுக்குப் பின்னால் அவரைக்கொடி மேட்டில் வந்து நின்றார்கள். அங்கப்பன் மண்ணைக் கையால் விலக்கினார். மேடு முழுக்கச் சாம்பல். சாம்பல் முழுக்கச் சல்லி வேர், அங்கிருந்து அவர்கள் படுக்கிற அறையின் சுவருக்குள் ஏறியிருந்தது.

சத்து எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம்தான் வேர் போகும் என்பது சுகுணாவுக்குத் தெரியாத விஷயமில்லை. ஊரார் வீட்டு ஜன்னல்களையும் பால்கனிகளையும் எரித்த சாம்பலைவிட ஒரு வீட்டுக்கு நல்ல எரு வேறு என்ன கிடைக்கும்? அத்தனை எருவையும் அவள் மேலே கொட்டிவிட்டு, கீழே வெறும் சாணத்தைப் போட்டுக் கல்லைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். “ஏனுங்க, அது பாட்டுக்கு நம்மளைத் தேடிட்டு வந்திருக்குதுங்க. நான் எட்டி ஒதைச்சுப்போட்டேனே” என்று சொல்லி மேட்டிலேயே உட்கார்ந்து சிரித்தாள், சிரித்து முடித்து அழுதாள். அங்கப்பன் கடப்பாரையை ஊன்றிக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

இடிக்கிற எந்திரம் மாசியில் வந்தது. கோடியிலிருந்து ஆரம்பித்து அறைகளை ஒவ்வொன்றாகச் சரித்துக்கொண்டு வந்து, சுகுணாவின் அறையில் கையை வைத்தது. சுவர் வளைந்தது. கையை எடுத்ததும் நிமிர்ந்துகொண்டது. இன்னும் ஓங்கி இடித்துப் பார்த்தார்கள், பச்சை மரம் போல லேசாகத் தோல் உரிந்து பால் வடிந்தது. ஓட்டுநர் எந்திரத்தை நிறுத்திவிட்டு, இது உயிருள்ளது, இதில் தன்னால் கை வைக்க முடியாது என்று இறங்கிப் போய்விட்டார். காட்டேஜ்காரர்கள் தாலுகா ஆபீசுக்குப் போனார்கள். சர்வேயர் வந்தார், வேரைப் பிடித்துக்கொண்டு குப்பனூர் வரைக்கும் ஜீப்பில் இறங்கி, திரும்பி வந்தார். வேர் எவர் பட்டாவில் தொடங்குகிறதோ மகசூல் அவருக்கு, பலா மரத்துக்கு அப்படித்தான் செய்கிறோம், வீட்டுக்கு மட்டும் மாற்றிச் செய்ய வழியில்லை என்றார். சட்டப்படி இது எவ்வளவு சரி என்று யாருக்கும் தெரியவில்லை. மேல்முறையீடு செய்வதைவிட மதிலை வளைத்துக் கட்டுவது சுலபம் என்று காட்டேஜ்காரர்கள் வளைத்துக் கட்டினார்கள்.

பங்குனியில் பூ மழை பெய்தது. காப்பிச் செடிகள் வெள்ளையாகப் பூத்த அதே வாரம், சுகுணாவின் அறை ஒரு கூடமும் சமையலறையும் விட்டது. அதோடு நிற்கவில்லை. இடித்துத் தள்ளிய மற்ற அறைகளின் இடத்தில், அதே வேரிலிருந்து, வரிசையாகப் பக்கத் துளிர்கள் கிளம்பின. கண்ணம்மாளும் மற்றவர்களும் மூட்டைமுடிச்சோடு ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். தாய் வீட்டின் சத்தை உறிஞ்சுகிற துளிரை இளசிலேயே வெட்டுவதுதான் கவாத்து. நகரத்தில் எத்தனையோ வீடுகளில் சுகுணா அப்படித்தான் வெட்டியிருக்கிறாள், தன் வீடு பெரிதாக வேண்டுமென்றால் இதையும் வெட்டியாக வேண்டும். அவள் கத்தியோடு வந்தாள். சுகுணா முதல் துளிரின் பக்கத்தில் உட்கார்ந்தாள். கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு, அதன் தலையைத் தொட்டு, “பொழச்சுக்க சாமி” என்றாள். பிறகு அடுத்ததற்கு நகர்ந்தாள்.

எல்லைகளைத் திருத்தியபோது, ஒரே வேரில் நிற்பதெல்லாம் ஒரே நகரம் என்று எழுதிவிட்டார்கள். பொன்சாரல் நகர் இப்போது குப்பனூரில் தொடங்கி நாகலூரில் முடிகிறது, நடுவில் காடும் கொட்டச்சேட்டு டீக்கடை பெஞ்சியும் அதற்குள்தான் வருகின்றன. கடைசித் தெரு மலைமேல் இருப்பதால் தெருவிளக்கு மாற்றுகிறவர் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வருகிறார். வேரின் சத்து சரியாக எட்டாத ஒன்றிரண்டு வீடுகள் குட்டையாக நிற்கின்றன. சுகுணாவின் வீடும், சத்தைப் பலருக்கும் பங்கு போட்டதால், பெரிய வீடு என்று சொல்ல முடியாது. கூடம் ஒரு பக்கம் மட்டும் நீளமாக இருக்கிறது.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அங்கப்பன் அந்தக் கூடத்தில்தான் படுக்கிறார். இடம் இருக்கிறது என்பதை அவருடைய கால்கள் இன்னும் நம்பவில்லை, பழைய பழக்கத்தில் மடங்கிக்கொள்கின்றன. சுகுணா கைவேலையை வைத்துவிட்டுப் போய், அவர் பாதங்களைப் பிடித்து மெதுவாக இழுத்து நேராக்குவாள். சுவர் இன்னும் தள்ளித்தான் இருக்கிறது. “நீட்டுங்க” என்பாள்.